புனேயிலிருந்து கோவைக்கு: அப்பா, நான், ஒரு கேமன்

முதல் நாள். ரயிலில், பெங்களூரு தாண்டி

காலையில் கோவை ஜங்ஷனில் குர்லா எக்ஸ்பிரஸ் ஏறினோம், நானும் அப்பாவும். போகும் டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். எல்லாம் சரியாக அமைந்தால் திரும்பி வருவது காரில். அமையாவிட்டால் தட்கால் பார்த்துக்கொள்ளலாம்.

புனேயில் ஒருவரிடம் 2010-ம் வருடத்து போர்ஷே கேமன் ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு இருக்கிறது. வெள்ளி நிறம். 41,000 கி.மீ. ஓடியது. விற்பவர் இரண்டாவது உரிமையாளர், ஓய்வு பெற்ற பொறியாளர். மூன்று மாதமாக போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் எண்ணெய் மாற்றிய ரசீதிலிருந்து டயர் படம் வரை கேட்டதையெல்லாம் பொறுமையாக அனுப்பிவைத்தார். அவர் கேட்கும் விலை இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் நடுத்தர எஸ்.யூ.வி. ஒன்றின் விலைதான். பராமரிப்புக்கு ஆகும் செலவு வேறு விஷயம். அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கிவைத்த பிறகுதான் நான் போனையே எடுத்தேன்.

இந்த ஆசைக்கு வயது 15-க்கு மேல். 2009-ல் வேலை விஷயமாக ஸ்டுட்கார்ட்டில் மூன்று மாதம் இருந்தேன். தங்கியிருந்த இடத்திலிருந்து எஸ் 6 ரயிலில் போனால் சூஃபன்ஹவுசன் வரும், போர்ஷே தொழிற்சாலை இருக்கும் பகுதி. அந்த வருடம்தான் அவர்களுடைய புது மியூசியம் திறந்திருந்தது. ஒரு சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு வெள்ளி நிறக் கேமன் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் போய்விட்டது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தெருவில் இருந்தது. அன்றைக்கே மனதில் எழுதிவைத்துவிட்டேன். அப்புறம் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. போன வருடம் வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டினேன்.

அப்பா ஏன் கூட வருகிறார்? நான் கூப்பிட்டதால் இல்லை, அவராகவே பையை எடுத்துவைத்துவிட்டார். அவருக்கு 71 வயது. கணபதியில் 40 வருடம் லேத் பட்டறை நடத்தியவர். பம்ப்செட் ஷாஃப்ட், புஷ் என்று கோவையில் அவர் கடைந்து கொடுக்காத சாமான் இல்லை. ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் கோவையில் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் பல பட்டறைகளில் ரேஸ் பேச்சுதான். அப்பாவிடமும் ஒரு ரேஸ் மெக்கானிக் ஸ்பேசர் கடைய வருவார். எண்பதுகளின் கடைசியில் அவர்தான் எங்கள் இருவரையும் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழவரம் அழைத்துப் போனார். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். கார் தெரிந்ததைவிடப் புழுதி தெரிந்ததுதான் அதிகம். ஆனால் அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் தட்டியது இன்னும் ஞாபகமிருக்கிறது.

அதே பட்டறைச் சத்தம்தான் அப்பாவின் காதையும் வாங்கிக்கொண்டது. இடது காது சுத்தமாக இல்லை, வலது காது பாதி. பட்டறையை மூடி 3 வருடம் ஆகிறது. ஆனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க சாயங்காலமானால் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். என்ன வேலை என்று கேட்டால் "சும்மாதான் கண்ணு" என்பார். ஒருநாள் மட்டும் போன் செய்து "அந்தக் காரு நீளம் எத்தனை, அகலம் எத்தனை?" என்று கேட்டார். 4,347 மில்லிமீட்டர், 1,801 மில்லிமீட்டர் என்றேன். சரியென்று வைத்துவிட்டார்.

அவர் பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு டார்ச், ஒரு காந்தம், ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவர்.

இரண்டாம் நாள். புனே

மதியத்துக்கு மேல் புனே வந்து சேர்ந்தோம். டிசம்பர் வெயில் இதமாக இருந்தது. ரூமில் குளித்துவிட்டு, விற்பவர் சொன்ன அபார்ட்மெண்டுக்கு ஐந்து மணிக்குப் போனோம்.

தரைத்தளத்து பார்க்கிங்கில் துணி உறை போட்டு நின்றது. அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறு முனையைப் பிடித்து உறையை மடித்தோம். படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. உயரம் என் மார்புக்குக் கீழே, 1.3 மீட்டர்தான். பின்சக்கரத்துக்கு மேலே இடுப்பு மாதிரி உப்பி இறங்கும் அந்த வளைவை 15 வருடமாகப் படங்களில் பார்த்து வந்திருக்கிறேன். கை வைத்தபோது தகடு சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் புரிந்துகொண்டு தள்ளி நின்றார்.

அப்பா வேலையைத் தொடங்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து பின் மட்காடுகளிலும் கதவிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தது. பட்டி போட்டு நிரப்பிய இடம் இல்லை. பிறகு முன்பக்கம் போய் நின்றார்.

"பானட்டைத் தூக்கு கண்ணு, எஞ்சினைப் பாப்போம்."

தூக்கினேன். உள்ளே ஆழமான ஒரு பெட்டி, விரிப்பு போட்டது.

"எஞ்சின் எங்கடா?"

"பின்னாடிதானுங்கப்பா."

பின்பக்கம் திறந்தேன். அங்கேயும் சாமான் வைக்கிற இடம். எண்ணெய் ஊற்றவும், ரேடியேட்டர் தண்ணீர் ஊற்றவும் இரண்டு மூடி. அவ்வளவுதான். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சிகூட இல்லை, மீட்டரில் காட்டிவிடும். எஞ்சின் நம் இருக்கைக்கும் பின்அச்சுக்கும் நடுவில், விரிப்புக்கும் மூடிக்கும் அடியில் இருக்கிறது. கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அப்பா அந்த மூடியையே பார்த்தபடி நின்றார். 40 வருடம் இயந்திரத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பழகியவருக்கு அது பெரிய ஏமாற்றம். நாளைக்கு லிஃப்டில் ஏற்றும்போது அடியிலிருந்து முழுசாகப் பார்க்கலாம் என்று சொல்லி ரூமுக்கு அழைத்து வந்தேன்.

சாப்பிடும்போது அவராகவே கேட்டார், எதற்கு நடுவில் கொண்டுபோய் வைத்தான் என்று. எடை நடுவில் இருந்தால் வளைவில் கார் சுருக்கென்று திரும்பும், முன்பக்கமும் இழுக்காது பின்பக்கமும் வீசாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வண்டிப் பாரம் ஏத்தறதுதான். முன்பாரம் ஆனா மாட்டுக் கழுத்து நோகும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேல தூக்கும். அச்சுக்கு ஒட்டினாப்பல ஏத்தினா மாடு துள்ளிட்டுப் போகும். உங்க தாத்தனுக்குத் தெரிஞ்சதுதான்."

நான் இதைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள். புனே

இன்று முழுக்க ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில். ஜெர்மன் கார்கள் மட்டும் பார்க்கும் இடம். விற்பவரே ஓட்டி வந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் யாருக்காவது உதவும் என்பதால் பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன்.

நான் 2009-க்கு முந்தைய கேமனை வேண்டாம் என்று ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. 2005-லிருந்து 2008 வரை வந்த எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டுகளை ஓட்டுவதற்கு நடுவில் ஒரு துணை ஷாஃப்ட் இருக்கும். அதன் பேரிங் போனால் எஞ்சினே போய்விடும். எல்லா வண்டியிலும் போவதில்லை, ஆனால் அந்தக் கவலையோடு நான் ஓட்ட விரும்பவில்லை. 2009-ல் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே கிடையாது. இது 2.9 லிட்டர், 265 குதிரைத்திறன், பி.டி.கே. என்கிற 7 கியர் இரட்டை கிளட்ச் பெட்டி.

லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றினார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய் நின்றார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டரும் படுத்துக் கிடக்கின்றன. எதிரெதிர் பிஸ்டன்கள் குத்துச்சண்டைக்காரர்கள் கையை நீட்டி மடக்குவதுபோல ஒரே சமயத்தில் வெளியே போய் உள்ளே வரும். அதனால்தான் பாக்ஸர் என்று பெயர். படுத்த எஞ்சின் என்பதால் எடை முழுக்கத் தரையோடு தரையாக இருக்கிறது. அப்பா கையை நீட்டி வார்ப்பு அலுமினியத்தைத் தடவிப் பார்த்தார். "என்னா சுத்தமா வாத்திருக்கான்" என்றார். ஃபவுண்டரி ஊர்க்காரர் வாயிலிருந்து வருகிற பாராட்டு அது.

கசிவு எதுவும் இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு முனையை எஞ்சின் உடம்பில் வைத்து, கைப்பிடியை வலது காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். மெக்கானிக் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் மூன்று இடம், மறுபக்கம் மூன்று இடம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். வெளியே வந்து "ஆறும் ஒண்ணாத்தான் பேசுது" என்றார். என்னுடன் வீட்டில் பேசும்போது பாதி வார்த்தை கேட்காது அவருக்கு. இது கேட்டிருக்கிறது.

கம்ப்யூட்டரை மாட்டி எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழன்றது என்ற பதிவைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது. முன் பம்பரின் இரு ஓரங்களிலும் உள்ள காற்றுத் துளைகளுக்குள் ரேடியேட்டர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர்கள். வருடக்கணக்கில் சருகு உள்ளே போய்ச் சேர்ந்து ஈரத்தோடு ஊறி அவற்றை அரித்துவிடும். பம்பரைக் கழற்றினால் இரண்டு கைப்பிடி புங்கஞ்சருகு வந்தது. அரிப்பு இல்லை. ஊதிச் சுத்தம் செய்து மாட்டினார்கள். பழைய கேமனோ, அதன் திறந்த கூரை வகையான பாக்ஸ்டரோ பார்க்கப் போனால் முதலில் அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்டயர்கள்தான் சிக்கல். பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015 என்று காட்டியது, அதாவது 2015-ம் வருடத்தின் 20-வது வாரம். ரப்பர் மயிரிழையாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. இதில் 1,200 கி.மீ. போகக் கூடாது என்று அப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார். விற்பவரும் ஒத்துக்கொண்டு பாதி விலையைக் கழித்துக்கொண்டார். தேடி அலைந்து மதியம் இரண்டு புது டயர் கிடைத்தது. சக்கரத்துக்கு ஒரு போல்ட் பூட்டுப் போட்டது, அதற்கான தனிச் சாவி டூல் பையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அந்தச் சின்ன இரும்புத் துண்டு தொலைந்தால் சக்கரத்தையே கழற்ற முடியாது.

கண்ணாடிக்கு உள்ளே கீழ் ஓரத்தில் சேசிஸ் நம்பர் தெரியும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். 11-வது இடத்தில் 'யு' என்ற எழுத்து. பின்லாந்தின் உசிகௌபுங்கி ஊரைக் குறிப்பது. பாக்ஸ்டர், கேமன் கார்களில் பெரும்பகுதியை 2011 வரை அங்கே வால்மெட் நிறுவனம்தான் போர்ஷேக்காகக் கட்டிக்கொடுத்தது. பால்டிக் கடலோரம் பனிக்குள் கட்டிய கார் என்று அப்பாவிடம் சொன்னேன். "நம்மளாட்டம் ஜாப் ஒர்க் பண்ற ஆளுகளா!" என்றார். அதிலிருந்து அவருக்கு இந்தக் கார் மீது தனி ஒட்டுதல் வந்துவிட்டது.

சாயங்காலம் காகித வேலை. படிவம் 29, 30 கையெழுத்து, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28 விண்ணப்பம். சான்று வர நாளாகும், விற்பவர் தபாலில் அனுப்புவார். அதுவரை எம்.எச். 12 நம்பர்தான். நம் ஊரில் வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றம், புகைச் சான்று, புது ஃபாஸ்டேக் எல்லாம் முடிந்தது.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு அவர் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்முன் ஒரு சுற்று ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். திரும்பி வர அரை மணி நேரம் ஆனது. வந்து இறங்கியவர் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான்காம் நாள். புனே – பெலகாவி, சுமார் 340 கி.மீ.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இடது பக்க ஸ்டியரிங் உள்ள போர்ஷேக்களில் சாவித் துவாரம் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் இருக்கும். லே மான்ஸ் ரேஸில் ஓடி வந்து காரில் ஏறும் ஓட்டுநர் ஒரு கையால் சாவி திருகி மறு கையால் கியர் போடுவதற்காக வந்த வழக்கம் என்று சொல்வார்கள்.

முன்பெட்டியில் அப்பா பை, பின்னால் என் பை. காத்ரஜ் சுரங்கம் தாண்டும் வரை பயம்தான். ஒவ்வொரு பள்ளமும் ஆணிவேர் வரை தெரிந்தது. கம்பட்கி மலையில் சாத்தாரா போகும் வழி மேலே ஏறும். லாரிகளைக் கடந்து பாதை காலியானதும் முதல்முறையாகக் கால் கொடுத்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சி தாண்டியதும் சத்தம் மாறுகிறது. அதுவரை உறுமல். அதற்குமேல் அது ஒரு ராகம் மாதிரி மேலே மேலே போகிறது, நம் தோளுக்குப் பின்னாலிருந்து. ஸ்டுட்கார்ட் சிக்னலில் கேட்ட அதே சத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பாவைப் பார்த்தேன். அவருக்குக் கேட்காதே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவர் தலையைச் சாய்த்து, முதுகை இருக்கையோடு அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

"முதுகுல கேக்குது கண்ணு" என்றார்.

மலை இறங்கும் வரை நாங்கள் பேசவில்லை.

சாத்தாராவிலிருந்து கோலாப்பூர் வரை சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு மாற்றுப்பாதை, அதில் மண்மேடு மாதிரி வேகத்தடை. இந்தக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். நேராக ஏறினால் முன்உதடு உரசும். கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். கராட் பக்கத்தில் ஒரு வேகத்தடை மிரட்டியது. நான் சொல்வதற்குள் அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பின்னால் வரும் லாரிக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து காருக்கு அடியில் பார்த்தபடி "வா... வா... இன்னும் வா... ரெண்டு விரல் இருக்குது, வா" என்று ஏற்றி இறக்கினார். இப்படி இன்று ஏழு இடத்தில். 71 வயது மனிதர் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்து இறங்கி ஏறினார். நான் வேண்டாம் என்று சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

இது கரும்பு வெட்டும் மாதம். கோலாப்பூர் பக்கம் டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர் கோத்து, வானம் மறைக்கிற அளவு கரும்பு ஏற்றிக்கொண்டு ரோடு முழுக்கப் போகிறார்கள். பாதி டிரெய்லரில் பின்விளக்கு இல்லை. இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று முடிவு செய்தது அதைப் பார்த்துத்தான். இந்தக் காரில் நம் கண் டிரெய்லர் அச்சு உயரத்தில் இருக்கிறது.

கோலாப்பூரில் மிசல் சாப்பிட்டோம். காரம் நம் ஊர்க் காரத்தைவிட ஒரு படி மேல். நிப்பாணி தாண்டி கர்நாடகா. ரோடு நன்றாக இருந்தது, 100-ல் வைத்து நிதானமாக வந்தோம். நாலரை மணிக்கு பெலகாவி. ராத்திரி அப்பா வெந்நீர் கேட்டுக் காலை நனைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள். பெலகாவி – சித்ரதுர்கா, சுமார் 300 கி.மீ.

காலையில் தார்வாட் பேடா ஒரு டப்பா அம்மாவுக்கு வாங்கினோம். ஹாவேரிக்குக் கொஞ்சம் முன்னால் மீட்டரில் டயர் எச்சரிக்கை. வலது பின்டயரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நேற்று முன்தினம் மாட்டிய புது டயர்! வயிறு கலங்கிவிட்டது. இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது, ஒரு பசைப் புட்டியும் சின்ன காற்றுப் பம்பும்தான். பசையை ஊற்றினால் டயருக்குள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடவில்லை. காற்று மட்டும் அடித்து, 40-ல் உருட்டிக்கொண்டு 6 கி.மீ. தள்ளி ஒரு பஞ்சர் கடைக்கு வந்தோம்.

கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். எம்.எச். நம்பரைப் பார்த்து இந்தியில் தொடங்கியவர், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார். ஜாக்கி எடுத்து வந்தார். நான் தடுத்தேன். தவறான இடத்தில் ஜாக்கி வைத்தால் அடித்தட்டு நொறுங்கிவிடும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்து, காரைக் கையால் அரை அடி முன்னால் தள்ளச் சொன்னார். ஆணி பின்பக்கமாக வந்து நின்றது. ஒரு சாக்கை விரித்து அதில் படுத்து, சக்கரத்தைக் கழற்றாமலேயே ஆணியைப் பிடுங்கி ரப்பர் திரியைச் சொருகிவிட்டார். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், குமிழி வரவில்லை. இருபது நிமிட வேலை. நல்லவேளையாக ஆணி நடுப்பட்டையில் ஏறியிருந்தது, ஓரத்தில் ஏறியிருந்தால் டயரே போயிருக்கும்.

அவர் மகன், ஐந்தாறு வயசிருக்கும், ஸ்டியரிங்கைத் தொடலாமா என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டு நின்றான். அப்பா அவனைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டார். ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைக்காரர் வேலைக்கு மட்டும் காசு வாங்கினார், ஒரு ரூபாய் கூடுதல் கொடுத்தும் வாங்கவில்லை.

தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. அதைப் பற்றி எழுதவே ஒரு நாள் வேண்டும். பெட்ரோல் போட்டோம், எக்ஸ்பி 95 என்கிற 95 ஆக்டேன் பெட்ரோல். இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்துவிடுகிறார்கள். 2010-ல் வந்த இந்தக் காருக்கு 10 சதவீதம்தான் கணக்கு. ரப்பர் குழாய்களை வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும், எனக்கு இருக்கும் உண்மையான கவலை அது ஒன்றுதான்.

சித்ரதுர்கா வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. குன்றுகள் மேலெல்லாம் காற்றாலைகள். ஒரு மேட்டில் நிறுத்தி இருவரும் காரில் சாய்ந்து நின்று பார்த்தோம். அப்பா அவருடைய சோழவரத்துக் கதையைச் சொன்னார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் காசு தவிரக் கையில் ஒன்றுமில்லை என்றும், நான் பொம்மைக் கார் கேட்டு அழுதேன் என்றும், வாங்கித்தர முடியவில்லை என்றும் சொன்னார். எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தமும் புழுதியும் அவர் தோளும் மட்டும்தான் ஞாபகம்.

ஆறாம் நாள். சித்ரதுர்கா – கோவை, சுமார் 560 கி.மீ.

அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தும்கூர் தாண்டி, பெங்களூரு ஊருக்குள் போகாமல் நைஸ் ரோட்டில் சுற்றி ஓசூர் ரோட்டைப் பிடித்தோம். அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாட்டுப் பலகையைப் பார்த்ததும் அப்பா "வந்துட்டோம்" என்றார், இன்னும் 300 கி.மீ.க்கு மேல் இருக்கும்போது.

கிருஷ்ணகிரியில் இட்லி. தொப்பூர் கணவாயில் மட்டும் மிகவும் அடக்கி ஓட்டினேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனையோ உயிர் போன இடம் அது. வேகமான கார் கையில் இருக்கும்போது அங்கேதான் நிதானம் வேண்டும். கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்து இறங்கினோம்.

சேலத்துக்கு அப்புறம் சாலை அகலமாக, நேராக, பழகிய ஊர்ப் பெயர்களோடு வந்தது. சங்ககிரி, குமாரபாளையம், காவிரிப் பாலம், பவானி. பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, எம்.எச். நம்பரைப் பார்த்து ஒரு பெரியவர் "எந்தூருங்க?" என்றார். அப்பா "கணபதிங்க. பையன் வாங்கியிருக்கான்" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டது அப்போதுதான்.

நான்கு மணிக்கு வீடு. மொத்தம் சுமார் 1,200 கி.மீ., லிட்டருக்கு 11 கி.மீ. கொடுத்தது. அம்மா ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ரவுண்டு. தெரு முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் வீட்டு வாசல் சரிவு. கார் உள்ளே ஏறாது, அடி தட்டும். இத்தனை திட்டம் போட்ட நான், துணி உறை போட்டுத் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இருட்டியதும் அப்பா பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தார்.

"பட்டறைக்கு ஓட்டு கண்ணு."

அவர் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டார். பெரிய லேத் இடம் மாறிச் சுவரோரம் போயிருந்தது. அத்தனை எடையை யாரை வைத்து நகர்த்தினாரோ. தரை கழுவி, எண்ணெய்க்கறை தேய்த்துப் போக்கியிருந்தது. வாசல் படியை உடைத்துச் சாய்தளமாக சிமெண்ட் பூசியிருந்தார், நீளமாக, மெதுவாக ஏறும்படி. நடுத்தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய செவ்வகம். ஒரு ஓரத்தில் அவர் கையெழுத்தில் 4347, மறு ஓரத்தில் 1801.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய், செவ்வகத்தின் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்து, கையை உயர்த்தினார்.

"வா... வா... கொஞ்சம் இடதுபக்கம் ஒடி... ரெண்டு விரல்... போதும் கண்ணு."